அடிக்கோடு

முட்டம் ஐஸ் பிளான்ட்டில் கணக்கெழுதுகிறவள் நான்.
வங்கிப் பரீட்சைக்குப் படித்தபோது
இரண்டு குறிகள் என்னைப் படுத்தி எடுத்தன.
எட்டைவிட ஒன்பது பெரிது என்பது தெரியும்;
அதைச் சொல்லக் குறி எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான்
ராத்திரிதோறும் மறந்துபோகும்.

முதலில் அம்பென்று நினைத்தேன்.
பெரிய ஆளைத்தானே விரல் நீட்டிக் காட்டுவோம்.
மாதிரித் தேர்வில் பதினொரு மதிப்பெண் அதோடு போயிற்று.

முதலை வாய் என்றது ஒரு காணொளி:
முதலை பெரியதைத்தான் தின்னுமாம்.
முதலை எனக்குப் பழக்கமில்லை.
ஐஸ் பெட்டியில் வாய் பிளந்து கிடக்கும் பாரையை
வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை.
கடலில் எந்த வாயும்
தன்னைவிடச் சின்னதைப் பார்த்துத்தான் திறக்கிறது.

புத்தியில் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை,
கரமடி இழுப்பதைப்
பிளான்ட் மாடியிலிருந்து பார்த்தபோது.
கரையில் இரண்டு கூட்டம், நடுவே அகலமாய் மணல்.
இரண்டு கயிறும் சாய்ந்து சாய்ந்து போய்
தூரத்தில், மடியில், ஒரு புள்ளியாய்ச் சேர்ந்தன.
அகன்ற பக்கம் இருபத்தாறு பேர்.
கூரான பக்கம்
நாலு கூடை சாளை.
26 > 4.
அன்றிலிருந்து தவறியதில்லை.

சமக்குறிக்குப் பாடம் தேவைப்படவில்லை:
மணலில் ஒட்டாமல் உரசாமல் கிடக்கும் இரண்டு துடுப்பு.

பிடிக்காதது ≤ மட்டும்தான்.
சிறியது, இல்லையென்றால் சமம்.
'பாத்துச் சொல்லுகேன்' என்றே
பெண் கேட்டு வந்தவர்களை இழுத்தடிக்கும் வீட்டுக்காரர் போல
அடியில் ஒரு கோட்டை வைத்துக்கொண்டு
எதற்கும் வாக்குக் கொடுக்காத குறி.

கார்த்திகையில் காற்றடித்த ராத்திரி
பங்கு அலுவலகத்திலிருந்து என் பேரேட்டைக் கேட்டு வந்தார்கள்.
யார் கடலில் இருக்கிறார் என்பதை
யார் ஐஸ் எடுத்தார் என்பது சொல்லும்.
பதினாலு வள்ளம். அறுபத்து மூன்று பேர்.
விடியும்போது கரையில் நாற்பத்தொன்று.

கடைசித் தாளின் பின்புறம் எழுதினேன்.
எண்ணாக எழுதக் கை வரவில்லை. சொல்லாகவே எழுதினேன்:
வந்தவர் < போனவர்.
பிறகு, யோசிக்காமல்,
குறிக்கு அடியில் ஒரு கோடு இழுத்தேன்.

மூன்றாம் நாள் கல்பேனியிலிருந்து போன்:
கிளிட்டஸ் வள்ளத்தில் ஐந்து பேர்.
மறுநாள் ஒரு சரக்குக் கப்பல்
பன்னிரண்டு பேரைக் கொச்சியில் இறக்கியது.
ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசைக்கு மணியடிக்கையில், நாலு.
ஒவ்வொரு முறையும் அதே கோட்டின் மேல்
இன்னொரு கோடு இழுத்தேன்.
தாளின் மறுபக்கம் தடவினால் தழும்பு போலத் தட்டுப்படும்.

கூட்டிப் பாருங்கள். ஒன்று குறையும்.

அந்த ஒன்று அன்றன்.
பேரேட்டில் மூன்று பார் ஐஸ் கடன்.

தை மாதம் முதலாளி சொன்னார்,
'பிளசி, அதை வெட்டிரு. வராக் கடன்.'
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
அதற்குள் பரீட்சையும் வந்து போனது.
எந்த முடிவு பொருந்தும் என்று கேட்டிருந்தார்கள்;
≤ வந்த கேள்வி ஒன்றில் மட்டும்
மணி பார்க்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

பங்குனியில் பெர்பெத்தாள் வந்தாள்.
ரேஷன் அட்டை உறைக்குள்ளிருந்து நோட்டுகளை எடுத்து
மேசையில் எண்ணி வைத்தாள்.
வேண்டாம் என்றேன்.
'வந்தா கேப்பாருல்லா' என்றாள்.

கடன் = வரவு என்று அந்தப் பக்கத்தை முடித்தேன்.
கடைசித் தாளை அவளுக்குக் காட்டவில்லை.
ரசீது யார் பேருக்கு என்று கேட்டேன்.
அவர் பேரைச் சொன்னாள்.